தத்தன் காத்த வாயில்

தென்பெண்ணைக் கரையில் அமைந்த திருக்கோவலூர், அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்று. அங்கிருந்து அரசாண்ட மெய்ப்பொருள் நாயனாரிடம் போரில் பலமுறை தோற்றவன் முத்தநாதன். படையால் ஆகாததை வேடத்தால் முடிக்கத் துணிந்தான் அவன். மேனியெங்கும் திருநீறு பூசி, சடைமுடி புனைந்து, ஏட்டுக் கட்டினுள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனையை அடைந்தான். காவலர் கைதொழுது வழிவிட்டனர். ஒரு வாயிலில் அன்று, வாயில்தோறும் இதுவே நடந்தது.

அடியார் நீறணிவர், இவர் நீறணிந்துள்ளார், ஆகவே இவர் அடியார். காவலர் மனம் ஒரு நொடியில் கணக்கை முடித்துவிட்டது. மனம் மேற்கொள்ளும் இத்தகைய குறுக்குவழிகளை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர் இருவர் ஆராய்ந்து, 1974-இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரையாக வெளியிட்டனர். கூச்சமும் அடக்கமும் ஒழுங்கும் உடைய ஒருவர் உழவரா, நூலகரா என்று வினவினால், நூலகர் என்றே சொல்லத் தோன்றும். நூலகரைக் காட்டிலும் உழவர் பன்மடங்கு மிகுதி என்பது அப்போது நினைவில் எழுவதில்லை. தோற்றம் பொருந்திவிட்டால் மனம் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. கானமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே, 1996-இல், மறைந்துவிட்டார்.

அரண்மனையில் தயங்கியவன் தத்தன் ஒருவனே. வேடத்தை அவனும் கண்டான். ஆனால் பொழுதையும் சேர்த்துக் கண்டான். அரசர் துயில்கின்றார், தருணம் அறிந்து எழுந்தருள வேண்டும் என்றான். முத்தநாதன் அவனைக் கடந்து உள்ளே சென்றான்.

அடுத்து அவன் செய்தவை இரண்டு. இறைவன் அருளிய, வேறெங்கும் கிடைக்காத ஆகமம் கொணர்ந்திருப்பதாகக் கூறினான். அதனைத் தனியிடத்தில்தான் உரைக்க முடியும் என்றான். அரசியார் அகன்றார். இன்று காவல்துறைச் சீருடையில் கைப்பேசித் திரையில் தோன்றி, 'டிஜிட்டல் கைது' என்று முதியோரை மிரட்டுவோரும் இதே வரிசையில்தான் நடக்கின்றனர். முதலில் சீருடை, பிறகு, பிள்ளைகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்னும் கட்டளை. அப்படியொரு கைது இந்தியச் சட்டத்தில் இல்லவே இல்லை. பணம் இழந்தோர் தாமதியாது அழைக்க வேண்டிய எண் 1930.

நாயனாரே வேடத்தை நம்பினாரே என்று சிலர் கேட்பதுண்டு. முன்பின் அறியாதவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அவ்வாறு ஆறுதல் கொள்வோரும் உளர். அந்த ஒப்புமை பொருந்தாது. உண்மை தெரிந்திருந்தால் காவலர் ஒருவரும் வழிவிட்டிருக்கமாட்டார். நாயனாரோ, வணங்கிய நிலையில் கத்திக்குத்துப்பட்டு, வந்தவன் யார் என்பது வெளிப்பட்ட பின்னும் மாறவில்லை. வாளோடு பாய்ந்த தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர் என்றார். ஆளைக் குறித்த கணிப்பு அன்று அது. சிவவேடத்துக்குச் செய்த வழிபாடு. அதற்கு அவர் ஈடாக வைத்ததும் பிறர் பொருளை அன்று, தம் உயிரையே.

இடையூறின்றி அவனைக் கொண்டுபோய் விடுமாறு தத்தனுக்கே ஆணையிட்டார். சூழ்ந்து நின்ற மக்களிடம் அரசாணையைச் சொல்லி விலக்கி, தத்தன் அவனை நகர எல்லைக்கு அப்பால் விட்டு மீண்டான். அச்செய்தியைக் கேட்கும்வரை நாயனார் உயிரைத் தாங்கியிருந்தார். கார்த்திகை மாத உத்திர நாள் அவருடைய குருபூசை.