உங்களுக்குத் தெரியுமா? காலுறை வாங்க 150 கிலோமீட்டர் போகும் வயோமிங்

அமெரிக்காவின் 50 மாநிலங்களில் மக்கள்தொகை மிகக் குறைந்தது வயோமிங். 2020 கணக்கெடுப்பின்படி 5,76,851 பேர். பரப்போ 2,53,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். சதுர கிலோமீட்டருக்கு இரண்டே சொச்சம் பேர். மாடுகள் பத்து லட்சத்தைத் தாண்டும். ஆளில்லாத இடத்தில் யார் கடை போடுவார்கள்? வயோமிங் மக்கள் எதை, எங்கே, எப்போது வாங்குகிறார்கள் என்பதையெல்லாம் இந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது.

★

மாநிலம் முழுவதற்கும் எஸ்கலேட்டர் இரண்டே கட்டடங்களில்தான் உண்டு என்று 2013-இல் பத்திரிகைகள் எழுதின. இரண்டும் காஸ்பர் நகரத்து வங்கிகள். கடைத்தெருவிலோ ஷாப்பிங் மாலிலோ ஒன்றுகூடக் கிடையாது. நிலம் தாராளமாகக் கிடக்கும் ஊரில் மாடிமேல் மாடி கட்டிக் கடை நடத்த என்ன அவசியம்?

★

அமெரிக்கா முழுவதும் கிளை பரப்பிய ஜே.சி.பென்னி துணிக்கடைகளின் தாய்க்கடை நியூயார்க்கில் பிறந்ததல்ல. கெம்மரர் என்ற வயோமிங் சுரங்க ஊரில் பிறந்தது.

1902 ஏப்ரல் 14. ஜேம்ஸ் கேஷ் பென்னிக்கு அப்போது வயது 26. ‘கோல்டன் ரூல்’ என்ற பெயரில் கடையைத் திறந்தார். கெம்மரரில் நிலக்கரி நிறுவனத்தின் சொந்தக் கடை ஏற்கெனவே இருந்தது. தொழிலாளி அங்கே கடனுக்கு வாங்குவார், சம்பள நாளில் பிடித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ரொக்கத்துக்கு மட்டுமே விற்பேன் என்று ஒருவர் வந்தால் பிழைக்க மாட்டார் என்றே உள்ளூரில் பேசிக்கொண்டார்கள். பென்னி அசையவில்லை. விலை ஒன்றே, எல்லோருக்கும் அதே விலை, காசு கையில். பரண்போன்ற மேல்மாடியில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தார். சரக்கு வந்த மரப்பெட்டிகளே அவர்களுக்கு மேசையும் நாற்காலியும்.

முதல் நாள் விற்பனை 466 டாலர் 59 சென்ட். முதலாண்டு முடிவில் 28,000 டாலரைத் தாண்டியது. கடன் சுமையில் உழன்ற சுரங்கத் தொழிலாளிக்கு, வாங்கிய பொருளுக்கு அப்போதே கணக்கு முடிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைப் பென்னி மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார். அவருடைய வணிக சாமர்த்தியத்தைவிட இந்தப் புரிதலே என்னை அதிகம் கவர்கிறது.

★

பவல் என்ற சிற்றூரின் கதையை ஒவ்வொரு பேரூராட்சிக்காரரும் படிக்க வேண்டும்.

அப்போது ஆறாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. அங்கிருந்த ஒரே துணிக்கடையை அதன் தலைமை நிறுவனம் 1999-இல் மூடிவிட்டது. அதன்பின் ஒரு ஜோடி காலுறை, உள்ளாடை, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஒரு சட்டை வேண்டுமென்றாலும் பலர் மாநில எல்லை தாண்டி மொன்டானாவின் பில்லிங்ஸ் நகருக்குப் போனார்கள். ஒரு வழிக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். துணி எடுக்கப் போனவர்கள் மளிகையையும் அங்கேயே வாங்கிக்கொண்டார்கள், சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொண்டார்கள். பவல் கடைத்தெருவின் மற்ற கடைகளும் ஆட்டம் கண்டன.

வேறு பெரிய கடைக்காரர் வருவார் என்று காத்திருந்து பார்த்தார்கள். யாரும் வரவில்லை. ஊரே கடை வைத்தது. ஒரு பங்கு 500 டாலர் என்று விற்றார்கள். ஆசிரியர், விவசாயி, ஓய்வுபெற்றவர் என ஆளாளுக்கு வாங்கினார்கள். நான்கு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2002-இல் ‘பவல் மெர்க்கன்டைல்’ திறந்தது. கல்லாவில் நிற்பவரையும் தெரியும், துணி எடுக்க வருபவரையும் தெரியும், முதலாளிகளும் அவர்களே. மேற்குப் பகுதியின் வேறு சிற்றூர்கள் ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டுப் போயின. பத்தாண்டுக்கும் மேலாக நடந்த அந்தக் கடை இப்போது இல்லை. ஆனாலும் அதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். பெருநிறுவனம் லாபமில்லை என்று கைவிட்ட தெருவில் பத்து ஆண்டுகள் விளக்கு எரியவைத்தது சிறிய சாதனை அல்ல.

★

பில்லிங்ஸுக்கு ஏன் அத்தனை பேர் போகிறார்கள்? வயோமிங்கின் தலைநகர் செயென்தான் மாநிலத்தின் பெரிய நகரம். அங்கேயே 65,000 பேர்தான். பில்லிங்ஸில் ஒரு லட்சத்துக்கும் மேல். அதனால் அங்கே கடைகளும் அதிகம். அதோடு மொன்டானாவில் மாநில விற்பனை வரியே இல்லை. வயோமிங்கில் மாநில வரி நான்கு சதவீதம். கவுன்ட்டிகள் அதற்குமேல் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் காரை அங்கே வாங்கி வரியை மிச்சம் பிடிக்க முடியாது. ஊர் திரும்பிப் பதிவு செய்யும்போது வரி கட்டியாக வேண்டும்.

மாநிலத்தின் ஒவ்வொரு ஓரமும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது. செயென்காரர்கள் தெற்கே கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸுக்கு, கில்லெட்காரர்கள் கிழக்கே ராப்பிட் சிட்டிக்கு, எவன்ஸ்டன்காரர்கள் யூட்டாவின் சால்ட் லேக் சிட்டிக்கு.

★

எதிர்த்திசையிலும் கூட்டம் வரும், ஜூலை 4 சுதந்திர தினத்துக்கு முன்னால். கொலராடோவில் மேலே பறக்கும், வெடிக்கும் பட்டாசுகளுக்குத் தடை. ஆகவே எல்லையைத் தாண்டியதும் செயென் அருகே நெடுஞ்சாலையோரத்தில் பெரிய பெரிய பட்டாசுக் கடைகள்.

★

பண்ணை வீட்டார் ‘டவுனுக்குப் போவது’ ஒரு முழுநாள் வேலை. பல் மருத்துவர், டிராக்டர் உதிரிபாகம், கன்றுக்கு மருந்து, ஒரு மாத மளிகை எல்லாவற்றையும் ஒரே நாளில் கோத்துக்கொள்வார்கள். வண்டியின் பின்னால் ஐஸ் பெட்டி இருக்கும். வெயில் காலத்தில் பாலும் இறைச்சியும் வீடு வரை கெடாமல் வரவேண்டுமே. பால் தீர்ந்துவிட்டது என்று மறுநாள் மறுபடி ஓட முடியாது. அதனால்தான் பண்ணை வீடுகளில் ஆள் படுக்கும் நீளத்துக்கு ஃப்ரீசர். இலையுதிர் காலத்தில் வேட்டையாடிய எல்க் மான் இறைச்சி, தெரிந்த பண்ணையில் பாதி மாடாகப் பேசி வாங்கிய இறைச்சி, எல்லாம் பொட்டலம் பொட்டலமாக அதற்குள் போகும்.

★

வீட்டில் செய்த ஜாம், ரொட்டி, காய்ச்சாத பால் ஆகியவற்றை உரிமமோ அரசுப் பரிசோதனையோ இல்லாமல் நேரடியாக உண்பவருக்கே விற்கலாம் என்று 2015-இல் சட்டம் போட்டது வயோமிங். இத்தனை விரிவான ‘உணவுச் சுதந்திரச் சட்டம்’ அமெரிக்காவில் அதுவே முதல். காய்ச்சாத பாலில் நோய்க்கிருமி அபாயம் உண்டு என்ற மருத்துவர்களின் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் பக்கத்துக் கடை 80 கிலோமீட்டரில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அடுப்பு எவ்வளவு முக்கியம் என்பதும் உண்மை.

★

சாராயத்தையும் ஒயினையும் மொத்த விற்பனைக்கு வாங்கிக் கடைகளுக்குக் கொடுப்பது மாநில அரசே. சில்லறை விற்பனை தனியாரிடம். காரை விட்டு இறங்காமல் ஜன்னல் வழியே வாங்கிக்கொள்ளும் கடைகளும் உண்டு.

★

பியூஃபர்ட் என்ற ஊரின் மக்கள்தொகை ஒரு காலத்தில் ஒன்றாக இருந்தது. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கடை, ஒரு வீடு. 2012-இல் ஊரையே ஏலம் விட்டார்கள். வியட்நாம் வணிகர் ஒருவர் ஒன்பது லட்சம் டாலருக்கு எடுத்து, தம் நாட்டுக் காபியை அங்கே விற்றார்.

★

எண்பதாம் எண் நெடுஞ்சாலையில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவில் குளிர்காலக் காற்று லாரிகளையே புரட்டிப்போடும். அப்போது ரயில்வே கேட்டைப்போல நெடுஞ்சாலைக்கே குறுக்குக் கம்பத்தை இறக்கி மூடிவிடுவார்கள். சில வேளை ஒரு நாளுக்கு மேலும் திறக்காது. கடைக்கு வரவேண்டிய சரக்கும் அங்கேயே நிற்கும்.

★

வயோமிங்கில் தனிநபர் வருமான வரி கிடையாது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு வருவாய் மாநிலத்துக்குப் பெரும்பலம் என்றாலும், சிற்றூர்களின் சாலைக்கும் காவலுக்கும் விற்பனை வரியில் கிடைக்கும் பங்கு மிகவும் தேவை. எல்லை தாண்டிப் போகும் ஒவ்வொரு கடைப் பட்டியலிலும் அந்த ஊருக்கு ஒரு சின்ன இழப்பு இருக்கிறது. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைப் பார்க்க அமெரிக்காவாழ் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுதோறும் இந்த வழியாகப் போகின்றன. ஆகவே தண்ணீர், பழம், குளிருக்கு ஒரு தொப்பி என எதுவானாலும் புறப்படும் நகரத்திலேயே வண்டி நிறைய வாங்கி அடுக்கிக்கொண்டு போகாதீர்கள். கோடி என்ற ஊரிலோ பவலிலோ வண்டியை நிறுத்தி, அந்த ஊர்க் கடையில் வாங்குங்கள்.