உள்ளரங்க ஆட்டத்தைப் படமெடுக்க எந்த லென்ஸ்?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நெய்யாற்றின்கரை நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "அண்ணாச்சி, பையன் ஷட்டில் ஆடுறான். ஜில்லா அளவுக்கு வந்துட்டான். நாலு படம் நல்லா எடுத்து வைக்கணும். எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்டார். நின்றபடியே ஏதோ இரண்டு வார்த்தை சொன்னேன். இரண்டு வார்த்தையில் அடங்குகிற விஷயமல்ல அது என்று அமரவிளைக்கு பஸ் ஏறிய பிறகுதான் தோன்றியது. இதே கேள்விக்குத் தவறான விடை கண்டு, பணத்தையும் பணத்தைவிடப் பெரிய ஒன்றையும் இழந்தவன் நான். ஆகவே விவரமாகவே எழுதிவிடுகிறேன். மற்ற உறுப்பினர்களுக்கும் பயன்படலாம்.

நான் செய்த தவறு

என் மகள் வயிற்றுப் பேத்தி ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது பள்ளி வாலிபால் அணியில் ஆடினாள். அணி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும், பென்ஷன் நிலுவை கைக்கு வந்திருந்த தைரியத்தில் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றை வாங்கினேன். "300 வரைக்கும் இழுக்கும் சார், கேலரியில் இருந்தே முகத்தை எடுக்கலாம்" என்றார் விற்றவர். அவர் சொன்னது பொய்யல்ல. பகல் வெளிச்சத்தில் எங்கள் வீட்டுத் தென்னையில் வந்து உட்கார்ந்த மரங்கொத்தியை அந்த லென்ஸ் அழகாகவே எடுத்தது.

போட்டி நடந்ததோ உள்ளரங்கத்தில். கடைசி பாயிண்டை என் பேத்திதான் எகிறி அடித்தாள். நானும் சரியாக அந்த நேரத்தில் பட்டனை அழுத்தினேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், வலைக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு புகை. பக்கத்தில் நின்று பார்த்தவள், "தாத்தா, இது நானா?" என்று கேட்டாள்.

வெளிச்சக் கணக்கு

ரயில்வேயில் கணக்குப் போட்டே பழகிய புத்தி. தவறு எங்கே என்று அன்றிரவே உட்கார்ந்து பார்த்தேன். லென்ஸின் முன்பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று மி.மீ. கணக்கு, தூரத்தில் இருப்பதை எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்பது. கடைகளில் நம் கண் இதிலேதான் நிற்கும். மற்றொன்று எஃப் எண். எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடும் என்பது. உள்ளரங்கத்தில் நம் படத்தின் தலையெழுத்தை எழுதுவது இந்த இரண்டாவது எண்தான்.

மி.மீ. அளவை எஃப் எண்ணால் வகுத்தால் வெளிச்சம் நுழையும் வாயிலின் விட்டம் கிடைக்கும். 200 மி.மீ. லென்ஸ் எஃப் 2.8 ஆக இருந்தால் அது சுமார் 71 மி.மீ. அதே 200-இல் எஃப் 5.6 என்றால் 36 மி.மீ. மட்டுமே. விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகும், வெளிச்சமும் கால்பங்குதான். நான் வாங்கியது எஃப் 4-5.6 வகை. அதாவது, 70-இல் எஃப் 4 ஆகத் தொடங்கி, இழுக்க இழுக்கக் குறுகி, கடைசியில் 5.6-இல் நிற்கும்.

அன்றைய அரங்கத்தில் ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தும் காமிரா கொடுத்த வேகம் வினாடியில் 125-இல் ஒரு பங்கு. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் பிள்ளை அந்த நேரத்தில் 4 செ.மீ. நகர்ந்துவிடும். பந்தை அடிக்கும் கை 15 மீட்டர் வேகத்தில் வந்தால் 12 செ.மீ. நகரும். புகை வந்த காரணம் புரிகிறதல்லவா? அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் இருந்திருந்தால் 500-இல் ஒரு பங்கு கிடைத்திருக்கும். உடல் நகர்வது ஒரே ஒரு செ.மீ. ஐ.எஸ்.ஓ.வை 6400 ஆக்கினால் 1000-இல் ஒரு பங்கு. படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டும்; தட்டிவிட்டுப் போகட்டும். புள்ளி விழுந்த படத்தில் முகம் தெரியும். அசைந்த படத்தில் ஆளே தெரியாது.

"கையதிர்வைத் தடுக்கும் வசதி உள்ள லென்ஸ் வாங்கினால் போதாதா?" என்பார்கள். அந்த வசதி நம் கை நடுங்குவதைத்தான் தடுக்கும். ஆடுகிறவர் ஓடுவதைத் தடுக்காது. ஃபிளாஷ் போடலாமே என்றால், அது ஆடுகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும். நடுவர்கள் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

காற்றில் நிற்கும் நேரம்

திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் உள்ள உள்விளையாட்டரங்கத்துக்கு ஜிம்மி ஜார்ஜ் பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணூர் மாவட்டம் பேராவூரில் பிறந்து, 1976-இல் அர்ஜுனா விருது பெற்று, பின்னர் இத்தாலியக் கிளப்புகளுக்கு ஆடப் போன வாலிபால் வீரர் அவர். 1987 நவம்பர் 30 அன்று இத்தாலியில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 32தான். அவர் எகிறினால் காற்றில் சற்று நின்றுவிட்டு இறங்குவார் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். இதில் மிகையில்லை, கணக்கும் அதைத்தான் சொல்கிறது. 60 செ.மீ. உயரம் எகிறும் ஒருவர் காற்றில் இருப்பது மொத்தம் 0.7 வினாடி. அதில் 0.2 வினாடி உச்சியிலிருந்து 5 செ.மீ.க்குள்ளேயே கழிகிறது. எகிறும் நேரத்தில் கால்பங்குக்கும் மேல் அவர் ஏறக்குறைய அசையாமல் நிற்கிறார். அந்த உச்சியில் பட்டனை அழுத்தப் பழகிக்கொண்டால் சுமாரான லென்ஸிலும் முகம் தெளிவாக வரும். காசு செலவில்லாத வித்தை இது. ஆனால் பழக வேண்டும்.

எத்தனை மி.மீ. வேண்டும்?

இதற்கும் எளிய கணக்கு உண்டு. காமிராவை நெட்டுக்குத்தாகப் பிடித்தால், பெரிய சென்சார் காமிராவில் படத்தின் உயரம் 36 மி.மீ.; சிறிய சென்சாரில் 24 மி.மீ. கையைத் தூக்கி எகிறும் ஆளுக்கு 3 மீட்டர் உயரம் ஒதுக்குங்கள். வாலிபால் ஆடுகளம் 18க்கு 9 மீட்டர். ஆடுகளத்துக்குப் பின்னால் 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வலை 12 மீட்டர் தூரத்தில். 36-ஐ 12ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 144 மி.மீ.; சிறிய சென்சாருக்கு 96 போதும். 25 மீட்டர் தள்ளிக் கேலரியில் இருந்தால் பெரிய சென்சாருக்கு 300, சிறியதற்கு 200. ஆகவே நம்மிடம் பொதுவாக இருக்கும் சிறிய சென்சார் காமிராவுக்கு 70-200 எஃப் 2.8 லென்ஸே போதுமானது. ஷட்டில் ஆடுகளம் 13.4 மீட்டர் நீளம். ஆட்டக்காரர் பக்கத்திலும் வருவார், தூரத்துக்கும் போவார். அதனால்தான் அதற்கு ஜூம் வேண்டியிருக்கிறது.

குவியம் விஷயத்திலும் கவனம் வேண்டும். பெரிய சென்சார் காமிராவில் 200 மி.மீ., எஃப் 2.8 வைத்து 15 மீட்டர் தூரத்தில் எடுக்கும்போது முன்னும் பின்னுமாகச் சுமார் ஒரு மீட்டர் அளவுதான் தெளிவாக இருக்கும். வலைக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் காமிரா வலையைப் பிடித்துக்கொண்டு ஆளை விட்டுவிடும். கொஞ்சம் பக்கவாட்டிலோ உயரத்திலோ இடம் பிடியுங்கள்.

இன்னொன்று: நம் மின்சாரம் 50 சைக்கிள். பழைய விளக்குகள் வினாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது. 1000-இல் ஒரு பங்கு வேகத்தில் காமிராவுக்குத் தெரியும். ஒரு படம் வெளுப்பாகவும் அடுத்தது பழுப்பாகவும் வந்தால் காமிரா கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். புதிய காமிராக்கள் பலவற்றில் இதைச் சமாளிக்கும் வசதி இருக்கிறது. மெனுவில் தேடிப் பாருங்கள்.

பழையது வாங்கும்போது

பெரிய கம்பெனிகளின் 70-200 எஃப் 2.8 புதிதாக வாங்கினால் இன்று ஒரு லட்சத்தைத் தாண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு வழி, பழையதுதான். நிக்கானின் 80-200 எஃப் 2.8 ஆட்டோஃபோகஸ் லென்ஸ் 1988-லும், கேனனின் 70-200 எஃப் 2.8 1995-லும் வந்தன. கேனன் லென்ஸின் எடை 1310 கிராம். இவை இன்றும் உழைக்கின்றன. மிரர்லெஸ் காமிராக்கள் வந்த பிறகு பலர் பழைய லென்ஸ்களை விற்றுவிடுகிறார்கள், விலையும் இறங்கியிருக்கிறது.

ஆனால் நிக்கானின் பழைய லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. காமிராவில் மோட்டார் இருந்தால்தான் தானாகக் குவியும். 3000, 5000 வரிசைக் காமிராக்களில் அது இல்லை. 7000 வரிசையில் உண்டு. அந்தக் கம்பெனியின் மிரர்லெஸ் காமிராவில் எஃப்.டி.ஸெட். அடாப்டர் போட்டாலும் இந்த லென்ஸ் தானாகக் குவியாது. இது தெரியாமல் வாங்கினால் ஒன்றேகால் கிலோ பேப்பர் வெயிட்தான்.

அடுத்தது பூஞ்சை. இடவப்பாதி மழை பெய்யும் நம் ஊரில் லென்ஸுக்கு முதல் எதிரி அதுதான். தண்டவாள வெல்டிங்கில் விரிசல் பார்ப்பதற்கு டார்ச்சைச் சாய்த்து அடிப்போம். லென்ஸையும் அப்படியே பாருங்கள். பின்பக்கம் டார்ச்சைச் சாய்த்து அடித்து முன்பக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போல் இழை தெரிந்தால் எத்தனை மலிவானாலும் வேண்டாம். வாங்கிய பிறகு தோல் பையில் போட்டு அலமாரியில் பூட்டாதீர்கள். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

அதற்கும் பணம் போதாதென்றால் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பாருங்கள். ஜூம் கிடையாது, நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் எஃப் 2.8-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் வெளிச்சம் விடும், விலையோ குறைவு. ஆடுகளத்தின் ஓரத்தில் உட்கார இடம் கிடைத்தால் கபடிக்கும் வாலிபாலுக்கும் அதுவே போதும். இருக்கிற லென்ஸில் இரட்டிப்பு கன்வர்ட்டர் மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; 2.8 அத்துடன் 5.6 ஆகிவிடும். போன வழியே திரும்பி வந்த கதைதான்.

கடைசியாக ஒன்று

இத்தனையும் தெரிந்துகொண்டு, மார்த்தாண்டத்தில் தொழிலை விட்டுவிட்ட ஒரு கல்யாண போட்டோகிராபரிடமிருந்து பழைய 80-200 ஒன்றை வாங்கினேன். அது என் கைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் பேத்திக்கு முழங்காலில் தசைநார் கிழிந்துவிட்டது. இப்போது நன்றாக நடக்கிறாள், படிக்கிறாள். எகிறி ஆடுவது மட்டும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த லென்ஸில் மற்ற பிள்ளைகளை எடுக்கிறேன். பெற்றோரிடமும் பயிற்சியாளரிடமும் கேட்டுக்கொண்டுதான் எடுப்பேன். பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவேன். போன ஓணம் விடுமுறையில் பேத்தி அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு சிறுமி வலைக்கு மேலே கை நீட்டி நிற்கும் படத்தில் வெகுநேரம் நின்றாள். "எனக்கு இப்படி ஒண்ணுகூட இல்லையே தாத்தா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் பதில் வரவில்லை.

ஆகவே, நெய்யாற்றின்கரை நண்பருக்கு நான் சொல்வது இதுதான். பையன் ஆடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். லென்ஸ் வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம்; அடுத்த போட்டிக்கு என்னுடையதை இரவல் தருகிறேன். உங்கள் காமிரா பொருந்தாவிட்டால் காமிராவையும் சேர்த்தே தருகிறேன். மூடியை மட்டும் தொலைக்காமல் கொண்டு வந்துவிடுங்கள்.