ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் மாறுகண்

திங்கட்கிழமை பிள்ளையின் கண் மூக்குப் பக்கம் திரும்பி நிற்கிறது. செவ்வாய்க்கிழமை நேராகிவிடுகிறது. புதன்கிழமை மறுபடியும் திரும்புகிறது. இதைச் சுழற்சி மாறுகண் என்பார்கள். மாறுகண் உள்ளவர்களில் சுமார் 3,000 முதல் 5,000 பேரில் ஒருவருக்கே வரும் அரிய வகை இது. பெரும்பாலும் 3, 4 வயதில் தொடங்கும்.

சிக்கல் என்னவென்றால், திருக்கோஷ்டியூரிலிருந்து பஸ் ஏறி மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு நாம் போகும் நாள் நேரான நாளாக அமைந்துவிட்டால், பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் போகலாம். "நேற்று திரும்பியிருந்தது டாக்டர்" என்று வாயால் சொன்னால் போதாது. தினமும் ஒரே நேரத்தில் செல்போனில் பிள்ளையின் முகத்தைப் படமெடுங்கள். கண் திரும்பிய நாளைக் காலண்டரில் குறியுங்கள். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தாலே மருத்துவருக்குப் பிடிபடும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பேச்சு நம் வீடுகளிலும் உண்டு. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ இது பெரும்பாலும் நிரந்தர மாறுகண்ணாகிவிடும். அந்தக் கண்ணின் பார்வையும் மங்கக்கூடும். அறுவை சிகிச்சையில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சரியாகிவிடுகிறது.

எடுத்த படங்களில் கண்மணி வெள்ளையாக ஒளிர்ந்தால் மட்டும் குறிப்பெழுதிக்கொண்டு இருக்காதீர்கள். அது கண் புற்றுநோயாகவும் இருக்கலாம், அன்றே கிளம்புங்கள்.