முஹம்மது அலியோடு மோதிய கௌர் சிங்

குத்துச்சண்டையா, அது ஆண்பிள்ளைகளின் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள் சகோதரிகளே! இன்று பொதுநலவாய விளையாட்டுப் போட்டி எனப்படும் விழாவில் நம் நாட்டுக்கு முதல் தங்கத்தைத் தேடித்தந்ததே குத்துச்சண்டைதான். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்றிகஸ் அதை வென்றார். ஆனால் நான் சொல்ல வந்தது பக்கத்து நாட்டு வீரர் ஒருவரின் கதை. அதில் ஒரு வீட்டின் வரவு செலவும் இருக்கிறது.

பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர் கௌர் சிங். இராணுவத்தில் சேர்ந்த பிறகே, வயது முப்பதை நெருங்கும்போது, கையுறை மாட்டினார். 1979இல் அதிபார எடைப் பிரிவில் இந்தியாவின் தேசிய சம்பியன். 1980இல் மும்பையில் ஆசியச் சம்பியன். 1982இல் டில்லி ஆசிய விளையாட்டு விழாவிலும் தங்கம்.

1980 ஜனவரி 27ஆம் திகதி டில்லிக்கு வந்திருந்த முஹம்மது அலியுடன் நான்கு சுற்றுக் காட்சிப் போட்டியில் மோதினார். ஒரே மேடையில் இரண்டு உலகங்கள்! அலியும் ஒரு காலத்தில் அமெச்சூர் வீரர்தான். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கையோடு தொழில்முறைக்கு மாறினார். 1974இல் கின்ஷாசாவில் நடந்த ஒரே சண்டைக்கு அவருக்குப் பேசப்பட்ட தொகை ஐம்பது இலட்சம் டொலர். கௌர் சிங்கோ கடைசிவரை அமெச்சூர். நாட்டுக்காக ஆடினார், கிடைத்தவை பதக்கமும் பட்டமும். அர்ஜுனா விருது, 1983இல் பத்மஸ்ரீ. 1984 ஒலிம்பிக்கோடு களத்தை விட்டார். பின்னர் ஊரில் விவசாயம்.

2017இல் இருதய நோய் வந்தது. வைத்தியச் செலவுக்கு இரண்டு இலட்சம் ரூபாயைத் தனியாரிடம் கடன் வாங்கினார். கடன் அடுப்படிவரை வந்து நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா? 1982 வெற்றிக்காக மாநில அரசு அறிவித்த ஓர் இலட்சம் ரூபாய், முப்பது வருடங்களுக்கு மேலாகியும் கைக்கு வரவில்லை என்று அப்போது அவர் சொன்னார். செய்தி வெளிவந்த பிறகே இராணுவம் மூன்று இலட்சம் ரூபாய் கொடுத்து உதவியது. வேறு உதவிகளும் வந்தன.

2022இல் அவருடைய வாழ்க்கை பஞ்சாபி மொழியில் திரைப்படமாயிற்று. 2023 ஏப்ரலில் பாடசாலை மாணவரின் உடற்கல்விப் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. அதே மாதம் 27ஆம் திகதி, 74ஆவது வயதில், அவர் காலமானார்.