நாயின் அன்பு ஒருவர்பால் மிகுவது ஏன்?

முன்னுரை

மனிதன் பழக்கிய விலங்குகளுள் காலத்தால் முற்பட்டது நாய். ஆடும் மாடும் மனையைச் சேர்வதற்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே, வேட்டையாடித் திரிந்த மனிதனின் அருகில் நாய் இடம்பெற்றுவிட்டது. ஞமலி, ஞாளி எனப் பழந்தமிழில் அதற்குப் பல பெயர்கள் வழங்கியமை, நம் முன்னோர் வாழ்விலும் அது நெருங்கி உறைந்தமையைக் காட்டும்.

நாய் வளர்க்கும் இல்லங்கள் பலவற்றில் ஒரு செய்தியைக் காணலாம். ஐவர் வாழும் வீட்டில் ஐவரையும் நாய் அறியும். ஐவர் குரலுக்கும் வாலைக் குழைக்கும். எனினும், அவருள் ஒருவர் எழுந்தால் தானும் எழும். அவர் வெளியே சென்றால் வாயிலை நோக்கியே படுத்திருக்கும். நாள்தோறும் சோறிடுபவர் தாயாக இருக்க, அது பின்தொடர்வது மகனையாக இருக்கும். ஓடிவந்து கட்டியணைக்கும் சிறுவனை விட்டு விலகி, அதிகம் பேசாத பாட்டனாரின் காலடியில் சென்று சுருண்டு கொள்ளும். இதனால் சிறுவர் மனம் வருந்துவதுண்டு. நாய் நாடிய ஒருவர் வீட்டை நீங்கியபின் அது உணவு மறுத்துக் கிடப்பதும் உண்டு. ஆகவே, இவ்வேறுபாட்டின் காரணங்களை அறிந்துகொள்வது பயனுடைத்து.

சிபுயா நிலையத்தில் ஒரு நாய்

உலகறிந்த சான்று ஒன்று ஜப்பான் நாட்டிலே உண்டு. 1923ஆம் ஆண்டு நவம்பரில் அகிதா மாநிலத்து ஒடாடே ஊரில் பிறந்த ஹச்சிகோ என்னும் நாய், ஏறத்தாழ இரண்டு மாதக் குட்டியாக, 1924 ஜனவரியில் டோக்கியோ நகரிலிருந்த பேராசிரியர் உவேனோ ஹிடெசபுரோவின் இல்லம் சேர்ந்தது. அவர் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பொறியியல் கற்பித்தவர். அவரை மாலையில் சிபுயா தொடர்வண்டி நிலையத்தில் எதிர்கொள்வது அந்நாயின் வழக்கமாயிற்று.

1925 மே 21 அன்று பேராசிரியர் பணியிடத்திலேயே மூளைக் குருதிப்பெருக்கால் காலமானார். அவருடன் அந்நாய் வாழ்ந்தது ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு. பின்னர் அது வெவ்வேறு வீடுகளுக்கு மாற்றப்பட்டு, இறுதியில் அவருடைய தோட்டக்காரரிடம் வளர்ந்தது. உணவும் உறைவிடமும் அங்கே கிடைத்தன. எனினும் பேராசிரியர் திரும்பும் வேளையில் அது நிலையத்திற்கு வந்து நின்றது. 1935 மார்ச் 8 அன்று இறக்கும்வரை அவ்வழக்கம் நீங்கவில்லை. நிலையத்தருகே கடைக்காரர் தந்த இறைச்சித் துண்டுகளுக்காகவே அது வந்தது என்பாரும் உளர். அவ்வுணவும் ஓரளவு ஈர்த்திருக்கலாம். ஆயினும், தொடக்க ஆண்டுகளில் அங்கே விரட்டும் அடியும் பட்டும் அது வருவதை விடவில்லை என்பதை நோக்க, உணவு ஒன்றே காரணமாகாது என்பது புலனாகும்.

பற்று என்பது யாது?

தாயைச் சார்ந்திருக்கும் குழந்தையின் பற்றினை அளந்தறிய, மேரி ஐன்ஸ்வொர்த் என்னும் உளவியலறிஞர் ஒரு சோதனையை வகுத்தார். அயலான அறையொன்றில் தாய் உடனிருக்கும்போதும், நீங்கும்போதும், மீளும்போதும் குழந்தை எவ்வாறு நடந்துகொள்கிறது என்று நோக்குவதே அது. இச்சோதனையை ஹங்கேரி நாட்டு அறிஞர்களான டோபால், மிக்லோஷி முதலியோர் 51 நாய்களுக்கும் அவற்றின் உரிமையாளர்க்கும் பொருத்திப் பார்த்து, முடிவுகளை 1998இல் வெளியிட்டனர். உரிமையாளர் அருகிருக்கையில் நாய்கள் அச்சமின்றி விளையாடின. அறையைச் சுற்றி ஆராய்ந்தன. அவர் நீங்கியதும் அயலார் ஒருவர் உடனிருந்தும் கதவருகே சென்று நின்றன.

ஆகவே, நாய் ஒருவரை நாடுவதென்பது விளையாட்டுத் துணையைத் தேடுவது மட்டுமன்று. அவர்பால் அது தன் பாதுகாப்பைக் காண்கிறது. நாயை அஞ்சாமல் இருக்கச் செய்பவர் எவரோ, அவரே அதன் முதல்வர் ஆகிறார்.

குட்டிப் பருவத்தின் வலிமை

இப்பற்று வேரூன்றும் காலம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்து 1961இல் வெளியான ஆய்வொன்றில், நாய்க்குட்டிகள் மனிதர் நெருங்காத வேலியிட்ட வெளியில் வளர்க்கப்பட்டன. சில வாரங்களிலேயே மனிதருடன் பழகும் வாய்ப்புப் பெற்ற குட்டிகள் எளிதில் ஒட்டிக்கொண்டன. பதினான்கு வாரம்வரை அவ்வாய்ப்பே பெறாதவை, காட்டு விலங்குகளைப் போல மனிதரைக் கண்டு அஞ்சி ஓடின. மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம்வரை உள்ள பருவமே நாயின் உறவுகளுக்கு அடித்தளம் இடுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. ஹச்சிகோ பேராசிரியரிடம் சேர்ந்ததும் இப்பருவத்திலேயே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

குட்டி வந்த முதல் நாள்களில் இரவில் அது அழுதபோது எழுந்து பார்த்தவர் யார், கையிலேந்தி வெளியே கொண்டு சென்றவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், பல வீடுகளில் விடை கிடைத்துவிடும். இப்பருவத்தில் பெண்கள் மட்டுமே இருந்த வீட்டில் வளர்ந்த குட்டி, பின்னாளில் கனத்த குரலுடைய ஆடவரைக் கண்டு ஒதுங்குவதும், சிறுவரை அறியாது வளர்ந்தது அவர்தம் ஓட்டத்தையும் கூச்சலையும் கண்டு மிரளுவதும் இயல்பே.

உணவா, உறவா?

சோறிட்டவரிடமே நாய் நன்றியுடன் ஒட்டும் என்பது பொதுவான நம்பிக்கை. உணவுக்கு இதில் பங்குண்டு. ஆயினும் அதுவே முழுமையன்று. அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்து கிரகரி பெர்ன்ஸ் குழுவினர், விழித்த நிலையில் அசையாது படுத்திருக்கப் பழக்கப்பட்ட 12 நாய்களை எம்.ஆர்.ஐ. கருவியுள் வைத்து, ஐந்து வகை மணங்களை முகரச் செய்தனர். பழகிய மனிதரின் மணம், அயலாரின் மணம், பழகிய நாயின் மணம், அயல் நாயின் மணம், தன் மணம் என்பன அவை. நற்பயனை எதிர்நோக்குகையில் கிளர்ச்சியுறும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் மணத்திற்கே மிகுதியாகத் துலங்கியது என 2015இல் அறிவித்தனர். அம்மனிதர் அவ்வேளையில் அருகில் இல்லை. கையில் உணவும் இல்லை. மணமே மகிழ்ச்சியின் அறிகுறியாயிற்று.

நாவினிக்கப் பேசுவதால் மட்டும் நாயைக் கவர முடியுமா? ஃபியூவர்பாக்கர், வின் என்னும் இருவர் நிகழ்த்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாய்ச்சொற் புகழ்ச்சியை விடக் கையால் வருடுவதையே நாய்கள் விரும்பின.

கண்ணும் கையும்

தாய்க்கும் சேய்க்கும் இடையே பாசத்தை வளர்ப்பது ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக அறிஞர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், உரிமையாளரை நெடுநேரம் உற்று நோக்கிய நாய்களிடத்தும், அந்நோக்கைப் பெற்ற உரிமையாளரிடத்தும் இந்நீர் பெருகியமை கண்டறியப்பட்டது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இஃது இல்லை. நோக்க நோக்க நீர் பெருகும்; பெருகப் பெருக நோக்கும் கூடும். தொடக்கத்தில் சிறிதாயிருந்த வேறுபாடு, இச்சுழற்சியால் நாளடைவில் பெரிதாகிறது. வீட்டில் ஒருவரை மட்டும் நாய் மிகுதியாக நாடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இங்கே மனிதரின் இயல்பும் நினைக்கத்தக்கது. ஒரே சொல்லால் ஏவி, ஒரே நேரத்தில் வெளியே அழைத்துச் சென்று, சினத்தில் அடியாதவரின் நடத்தையை நாய் முன்கூட்டியே அறிந்துகொள்கிறது. இன்று கொஞ்சி நாளை அதட்டுபவரை அவ்வாறு அறிய இயலாது. பாட்டனாரின் அமைதியை நாய் நாடுவதன் காரணம் இதுவே. அவர் இழுப்பதில்லை, அது தானே வர இடந்தருகிறார். கட்டியணைத்தல் மனிதர்க்கு அன்பின் வடிவம். நாய்க்கோ அது பெரும்பாலும் பிடிபட்ட உணர்வையே தரும்.

பிரிவுக்குப் பின்

நாய் நாடிய ஒருவர் அயல்நாட்டுப் பணிக்கோ வெளியூர்க் கல்லூரிக்கோ செல்ல நேர்ந்தால் என்செய்வது? இதற்கும் ஆய்வு ஆறுதல் தருகிறது. ஹங்கேரி அறிஞர்கள் 2001இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், காப்பகத்தில் கைவிடப்பட்டிருந்த வளர்ந்த நாய்களுடன் புதியவர் ஒருவர் முறைக்குப் பத்து நிமிடமாக மூன்று முறை பழகினார். அவ்வளவிலேயே அவர்பால் பற்றின் அறிகுறிகள் தோன்றின. பார்வையற்றோர்க்கு வழிகாட்டும் நாய்களும் குட்டிப் பருவத்தில் ஒரு குடும்பத்திடமும், பின்னர்ப் பயிற்சியாளரிடமும் வளர்ந்து, இறுதியில் தமக்குரியவரிடம் சேர்ந்து அவரையே உயிர்த்துணையாகக் கொள்கின்றன.

ஆதலின், பிரிவு நேரும் என்று அறிந்தால், சில வாரங்களுக்கு முன்னரே உணவிடுதல், நடைக்கு அழைத்துச் செல்லுதல், விளையாடுதல் ஆகிய பணிகளை மற்றொருவர் மெல்ல ஏற்றுக்கொள்ள வேண்டும். நாய் தம்மை நாடவில்லையே என வருந்தும் சிறுவர், அதனைத் துரத்திப் பிடியாமல், தரையில் அமர்ந்து அது நெருங்கும்வரை காத்திருக்கப் பழகலாம். மார்பையோ தோளையோ மெல்ல வருடுவது, தலைமேல் கையை ஓங்கி வைப்பதினும் நன்று. ஒருவரிடம் மட்டுமே ஒட்டி மற்றவரை உறுமும் நாயாயின், அதனைப் பாசம் என்று பாராட்டி வளர்த்தல் தீங்காகும்; கால்நடை மருத்துவரின் அறிவுரையை நாடுதல் வேண்டும்.

முடிவுரை

குட்டிப் பருவத்தில் பெற்ற அரவணைப்பு, நாள்தோறும் செலவிட்ட நேரம், மாறாத நடத்தை, கண்ணாலும் கையாலும் பரிமாறிக்கொண்ட அன்பு, நாயின் பிறவி இயல்பு ஆகிய அனைத்தும் கூடியே ஒருவரை அதன் முதல்வராக்குகின்றன. இவற்றுள் பிறவி இயல்பு ஒன்றே நம் கையில் இல்லாதது. ஏனையவற்றை இல்லத்தார் எவரும், எவ்வகவையினரும், இன்று தொடங்கினும் செய்யலாம். டோக்கியோ பல்கலைக்கழக வேளாண் புலத்தில், ஹச்சிகோ இறந்து எண்பது ஆண்டு நிறைந்த 2015 மார்ச் 8 அன்று ஒரு சிலை திறக்கப்பட்டது. பணி முடிந்து திரும்பிய பேராசிரியர்மீது அந்நாய் மகிழ்ந்து தாவும் கோலத்தில் அது அமைந்துள்ளது.