ஹந்தானையின் பெயரில் ஒரு பணிசெயல் முறைமை

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னால் எழுந்து நிற்கும் ஹந்தானை மலைத்தொடரைக் கண்டிக்காரர் எவருக்கும் காட்டித் தரவேண்டியதில்லை. ஆனால் அந்த மலையின் பெயரில் கணினிக்கான ஒரு பணிசெயல் முறைமை வெளிவந்தது என்றால் பலர் வியப்படைவார்கள். டனிஷ்க நவீன் என்பவர் 2009இல் தொடங்கிய ஹந்தான லினக்ஸ்தான் அது.

முழுவதையும் புதிதாக எழுதி உருவாக்கியதல்ல. லினக்ஸ் கருவின் மேல் கட்டப்பட்ட ஃபெடோரா என்ற முறைமையை எடுத்து, இலங்கைப் பயனர்களின் தேவைக்கு ஏற்ப மாற்றி அமைத்தது. இவ்வாறு மாற்றப்பட்டவற்றை 'ஃபெடோரா ரீமிக்ஸ்' என்பார்கள். இதற்கு யாரிடமும் விலை கொடுக்கவோ அனுமதி கேட்கவோ வேண்டாம். கிக்ஸ்டார்ட் எனப்படும் சாதாரண எழுத்துக் கோப்பில், வேண்டிய மென்பொருள்களின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும். வேண்டாததன் முன் ஒரு சிறுகோடு இட்டால் அது விலகிவிடும். அந்தக் கோப்பை வாசித்து முழு முறைமையையும் ஒரே படிமமாக்கித் தருவதற்குத் தனிக் கருவி உண்டு.

ஏன் மாற்ற வேண்டியிருந்தது? அன்றைய ஃபெடோராவை நிறுவினால் எம்பி3 பாடல் ஒன்றுகூட ஒலிக்காது. காப்புரிமைச் சிக்கலால் அதற்கான மென்பொருளை ஃபெடோரா குழுவினர் அப்போது சேர்க்கவில்லை. எம்பி3இன் காப்புரிமைகள் காலாவதியானதே 2017இல்தான். இணையம் இருந்தால் தனியாக இறக்கிக்கொள்ளலாம். இணைப்பே இல்லாத, இருந்தாலும் ஊர்ந்து வரும் மலைநாட்டுப் பாடசாலை என்ன செய்யும்? ஹந்தான லினக்ஸ் அவற்றையெல்லாம் முன்கூட்டியே சேர்த்து ஒரு டிவிடியில் அடக்கியது. நம் ஊரின் குறையை அறிந்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய திருத்தம் இது. இதை ஒரு பெரிய கொடையாகவே நான் மதிக்கிறேன்.

ஹந்தான லினக்ஸ் இப்போது புதுப்பிக்கப்படுவதில்லை. ஆனால் அதன் வழி இன்றைக்கும் நமக்குத் தேவைப்படுகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு பழைய கணினிகள் பலவற்றில் இல்லை. நன்றாக ஓடும் கணினியை அதற்காக மூலையில் போட வேண்டுமா? ஃபெடோரா, லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை முயன்று பார்க்கலாம்.

முயல்வதில் ஆபத்து மிகக் குறைவு. காரணம் 'லைவ்' முறை. படிமத்தை பென் டிரைவில் எழுதி (அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும்), கணினியை அதிலிருந்து தொடக்கினால் முழு முறைமையும் வன்தட்டைத் தொடாமலே இயங்கும். பென் டிரைவில் சுருக்கி வைத்த கோப்புகள் வாசிக்கப்படுகின்றன. நீங்கள் செய்யும் மாற்றங்கள் ரேம் நினைவகத்தில் மட்டும் தங்குகின்றன. அணைத்தால் எல்லாம் போய்விடும். வாடகை வீட்டில் குடியேறுமுன் குழாயையும் மின்குமிழையும் பரிசோதிப்பதுபோல, வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் இந்த நிலையிலேயே பார்த்துவிட வேண்டும். வைஃபைதான் அடிக்கடி இடறும். சில பிராட்கொம் சில்லுகளுக்கான இயக்கி மென்பொருள் ஃபெடோராவில் சேர்ந்து வருவதில்லை.

தொடக்கும்போது டெல், லெனோவோ கணினிகள் பலவற்றில் எஃப்12, எச்பியில் எஃப்9 விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும்.

அடுத்தது தமிழ். ஃபெடோராவின் அமைப்புகளில் சாவிப்பலகைப் பகுதிக்குப் போய் உள்ளீட்டு முறையாகத் தமிழைச் சேர்க்கலாம். தமிழ்99 அமைப்பு தெரியாவிட்டால் மனம் தளர வேண்டாம். எம்17என் என்ற உள்ளீட்டு முறைத் தொகுப்பை நிறுவினால், தட்டச்சுப் பொறியின் வரிசையை ஒட்டிய நம் ரெங்கநாதன் அமைப்பும் கிடைக்கும். விண்டோஸ் சின்னமுள்ள விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மொழி மாறும்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சான பழைய ஆவணங்கள் நம்மிடம் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவற்றைத் திறந்தால் 'அம்மா' இருந்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகள் நிற்கும். கோப்பு கெட்டுவிட்டதென்று பலர் லினக்ஸையே கைவிடுவது இந்த இடத்தில்தான். கெடவில்லை. பாமினி எழுத்துருக் கோப்பை உங்கள் பயனர் அடைவிலுள்ள எழுத்துரு உறையில் நகலெடுத்து, லிப்ரே ஒஃபிஸை மூடித் திறந்தால் தமிழ் திரும்பிவிடும்.

இவை எல்லாம் சரியென்று கண்டபின்தான் நிறுவும் பொத்தானைத் தொட வேண்டும். அதற்கு முன் படங்களையும் ஆவணங்களையும் வெளித்தட்டில் நகலெடுங்கள். விண்டோஸையும் அருகில் வைத்துக்கொள்வதானால், பிட்லொக்கர் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து அதன் மீட்பு இலக்கத்தைத் தாளில் எழுதி வையுங்கள். அந்த இலக்கம் இல்லாமல் விண்டோஸ் திறக்க மறுத்தால் உள்ளே இருப்பவற்றை மீட்க வழியில்லை.