தவறிய தாளும் தங்கிய முத்திரையும்

சாமல்பட்டிப் பக்கத்துக் கிரானைட் பட்டறையிலே வேலை பார்க்கும் தோழரிடம், "மகன் என்ன படித்திருக்கிறான்?" என்று கேட்டுப் பாருங்கள். "இஞ்சினீயருக்குப் படித்து முடித்துவிட்டான்" என்பார். முகத்திலே மலர்ச்சி தெரியும். அடுத்த நொடியே குரல் இறங்கும். "இரண்டு அரியர் மட்டும் நிற்கிறது" என்பார்.

அரியர்! வட்டிக் கடைக்காரனின் ஏட்டிலே இருக்க வேண்டிய சொல், கல்லூரி வாசலிலே வந்து குந்திக் கொண்டது. சம்பள அரியர் வருகிறதென்றால் தொழிலாளி மகிழ்கிறான். அது முதலாளி நமக்குத் தர வேண்டிய பாக்கி. மகனுக்கு அரியர் வந்ததென்றால் அதே தொழிலாளி கலங்குகிறான். இது யாருக்கு யார் தர வேண்டிய பாக்கி? தேறாத தாளுக்கு 'நிலுவை' என்று பெயர் வைத்தவர்கள், மாணவனைக் கடன்காரனாக்கித்தான் பார்த்திருக்கிறார்கள்.

சேலம் – ஜோலார்பேட்டை இருப்புப் பாதையிலே இருக்கிற சாமல்பட்டியிலிருந்து, ஊத்தங்கரை வட்டத்துச் சிற்றூர்களிலிருந்து, இன்று பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். பர்கூரிலே அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலே அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. ஓசூரிலே தொழிற்சாலைகளோடு கல்லூரிகளும் இருக்கின்றன. பாட்டன் கைநாட்டு, அப்பன் எட்டாவது, மகன் பி.ஈ. – இது சாதாரண மாறுதல் அல்ல. அந்த மகன் முதல் பருவத்திலேயே கணக்குத் தாளிலே தவறிவிட்டான் என்று சேதி வரும்போது, வீடே இடிந்து விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. "பட்டம் கெட்டுவிட்டதா? வேலை போயிற்றா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்ல வீட்டிலே ஆள் இல்லை. சொல்லக்கூடிய அண்ணனோ அக்காளோ அந்த வீட்டிலிருந்து அதுவரை கல்லூரிக்குப் போனதே இல்லை!

ஆகவே கணக்கைக் கையிலே எடுப்போம். தவறிய தாள் உண்மையிலே எவ்வளவைத் தின்கிறது?

அண்ணா பல்கலைக் கழகத்து முறையை எடுத்துக் கொள்வோம்; நம் பக்கத்துப் பொறியியல் பிள்ளைகளிலே பெரும்பாலோர் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் 'கிரெடிட்' என்று ஓர் எடை உண்டு. வாங்கும் மதிப்பெண்ணுக்கு ஏற்ப 10, 9, 8, 7, 6 என்று தரப் புள்ளி. எடையையும் புள்ளியையும் பெருக்கிக் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் கிடைப்பது ஒட்டுமொத்தச் சராசரி. நான்கு ஆண்டுப் படிப்பிலே மொத்த எடை ஏறத்தாழ 165 என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு தாளின் எடை 3. அதிலே 8 புள்ளி வாங்கியிருக்க வேண்டியவன், முதல் முறை தவறி, இரண்டாம் முறை 6 புள்ளியோடு தேறுகிறான். இழப்பு, மூவிரண்டு ஆறு. ஆறை 165 ஆல் வகுத்தால் 0.036! எட்டு என்றிருந்த சராசரி 7.96 ஆகிறது. அவ்வளவுதான். முதல் முறை தவறியதைச் சராசரியிலே சேர்த்து இழுப்பதும் இல்லை. மறுமுறை 90 வாங்கினால் 90க்கு உரிய புள்ளியே ஏறும்.

கணக்கு எடுப்பது ஒரு பிடி அரிசி. ஆனால் விதி எடுப்பது மூட்டை!

'முதல் வகுப்பு, தனிச் சிறப்புடன்' என்ற முத்திரை கிடைக்க வேண்டுமானால் சராசரி 8.50 இருந்தால் மட்டும் போதாது. எட்டுப் பருவத்துத் தாள்கள் அத்தனையையும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும். ஒருவனுடைய சராசரி ஒன்பதைத் தாண்டட்டும். முதல் பருவத்திலே காய்ச்சலோடு எழுதிய ஒரே ஒரு தாள் தவறியிருந்தால் அந்த முத்திரை இல்லை, முதல் வகுப்பு மட்டுந்தான். பல பல்கலைக் கழகங்களிலே தர வரிசைக்கும் பதக்கத்துக்கும் இதே நிபந்தனை உண்டு.

முதல் வகுப்பு மட்டும் வேண்டுமென்றால்? இங்கேதான் நம் தோழர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். முதல் வகுப்பை அரியர் தானாகத் தடுப்பதில்லை. தடுப்பது காலம். ஐந்து ஆண்டுக்குள் எல்லாத் தாள்களையும் முடித்து, குறிப்பிட்ட சராசரியும் இருந்தால் முதல் வகுப்புத்தான். அந்தக் கெடு தாண்டினால், சராசரி எட்டாக இருந்தாலும் இரண்டாம் வகுப்பு! இரண்டாம் பருவத்திலே மூன்று தாள் தவறி, அடுத்த வாய்ப்பிலே மூன்றையும் முடித்தவன் முதல் வகுப்பு வாங்குகிறான். கடைசி ஆண்டிலே ஒரே ஒரு தாள் தவறி, "அப்புறம் பார்த்துக் கொள்ளலாம்" என்று ஓசூருக்கு வேலை தேடி வந்து, ஷிப்டிலே சிக்கி, மூன்று தேர்வை விட்டவன் இரண்டாம் வகுப்புக்குப் போகிறான். தவறியதைவிடத் தள்ளிப் போட்டதுதான் அவனுக்குக் கேடாயிற்று.

பெண் பிள்ளைகளுக்கோ இன்னொரு கெடுவும் உண்டு. அதைப் பல்கலைக் கழகம் விதிப்பதில்லை, வீடு விதிக்கிறது. அரியர் விழுந்தால், "படித்தது போதும், கல்யாணத்தை முடித்துவிடலாம்" என்று பேச்சு எழும். தம்பிக்கு அரியர் விழுந்தால் "அடுத்த தடவை எழுதுவான்". தங்கைக்கு விழுந்தால் மாப்பிள்ளை பார்ப்பது! நம் வீடுகளிலும் நடப்பதுதான் இது. மறைத்துப் பயனில்லை.

கல்லூரியிலே இடும் உள்மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலே, எழுத்துத் தாளுக்கு உள்மதிப்பெண் 40, பருவத் தேர்வுக்கு 60. பருவத் தேர்விலே குறைந்தது 45 விழுக்காடு, அதாவது 27, மொத்தத்திலே 50. உள்ளே 30 வாங்கியவனுக்குத் தேர்விலே 27 போதும். உள்ளே 12 வாங்கியவன் வெளியே 38 எடுத்தாக வேண்டும். மறுபடி எழுதும்போதும் அந்தப் பழைய 12 தான் கூடவே வரும். முந்தைய ஒழுங்குமுறைகளிலே, மூன்றாம் முயற்சியிலிருந்து உள்மதிப்பெண்ணைப் பாராமல் பருவத் தேர்விலே மட்டும் பாதி வாங்கினாலே தேர்ச்சி என்ற சலுகை இருந்தது. எனவே, மகன் எந்த ஆண்டு ஒழுங்குமுறையிலே சேர்ந்தவன் என்பதை முதலில் கேளுங்கள். அது தெரியாமல் கொடுக்கும் அறிவுரை எல்லாம் வெறும் திண்ணைப் பேச்சு.

இந்த விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அண்ணா பல்கலைக் கழகத்தின் 2017 ஒழுங்குமுறை, தவறிய தாளை அடுத்த பருவத்திலேயே எழுத விடாமல், அந்தப் பாடம் திரும்ப வரும் பருவம் வரை காத்திருக்கச் சொன்னது. ஓராண்டு வீண்! 2019 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள், விதி தளர்ந்தது. எழுதியவர்கள் மனிதர்கள், மாற்றியவர்களும் மனிதர்களே.

திருத்துவோரும் மனிதர்கள்தாம். 2017 ஏப்ரல் – மே தேர்வுக்குப் பிறகு மறுமதிப்பீடு கேட்டு விண்ணப்பித்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். அவர்களிலே 73,000க்கு மேற்பட்டோர் தேறினார்கள். பணம் வாங்கிக் கொண்டு மதிப்பெண் கூட்டியதாகக் குற்றஞ்சாட்டி, 2018 ஆகஸ்டிலே ஊழல் தடுப்புத் துறை வழக்குப் பதிந்தது. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு இரண்டு கேள்வி கேட்கலாம். தேறியவர்களிலே எத்தனை பேர் பணத்தால் தேறியவர்கள்? எத்தனை பேர், முதலில் திருத்தியவரின் அவசரத்தால் தவறியவர்கள்? முதல் கேள்வியை நாடே கேட்டது. இரண்டாவதைக் கேட்டவர்கள் குறைவு. விடைத்தாள் நகல் வாங்கவும், மறுமதிப்பீடு கேட்கவும் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது. அதற்கும் பணம் கட்ட வேண்டும் என்பதனால் கூலிக்காரன் மகன் அந்த உரிமையைப் பயன்படுத்தத் தயங்குகிறான் என்பதுதான் வேதனை.

இனி 2020க்கு வருவோம். கொரோனாக் காலம், கல்லூரிகள் பூட்டிக் கிடந்தன. தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்கள் தேர்வே எழுதாமல் தேறியதாக ஆகஸ்டிலே மாநில அரசு அறிவித்தது. ஊரெங்கும் வாழ்த்துச் சுவரொட்டிகள்! அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஏற்கவில்லை. வழக்கு உயர்நீதிமன்றம் போயிற்று. தேர்வு நடத்தாமல் தேர்ச்சி அளிப்பதை ஏற்க முடியாது, தேர்வு நடத்துங்கள் என்று 2021 ஏப்ரலிலே நீதிமன்றம் சொல்லிற்று. எட்டு மாதம் பிள்ளைகள் அந்தரத்திலே தொங்கினார்கள்.

அந்த அறிவிப்பை வரவேற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அது பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு உதவியா? உதவி அல்ல என்பதே என் கருத்து. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை எழுதாமல் தேறினாலும், மாமன் கம்பெனியிலே மேசை காத்திருக்கும். நம் பிள்ளைக்குக் கையிலே இருக்கும் ஒரே சான்று அந்த மதிப்பெண் தாள்தான். அதன் மதிப்பைக் குறைத்துவிட்டு, அவனுக்கு நன்மை செய்ததாகச் சொல்வது எங்ஙனம்?

ஓசூர்த் தொழிற்பேட்டையானாலும் சரி, கர்நாடக எல்லை தாண்டி பெங்களூரானாலும் சரி, வேலை விளம்பரங்களிலே மூன்று வகை நிபந்தனைகளைப் பார்க்கலாம். ஒன்று, பத்தாம் வகுப்பிலிருந்தே 60 விழுக்காடு. இரண்டு, நிலுவைத் தாள் இப்போது இருக்கக் கூடாது. மூன்று, நிலுவை என்ற வரலாறே இருந்திருக்கக் கூடாது. இரண்டாவது நியாயம், பட்டமே முடியாதவனைப் பட்டதாரி என்று எடுக்க முடியாது. மூன்றாவது அநியாயம்! பதினேழு வயதிலே தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்து, ஆங்கிலத்திலே எழுதிய கணக்குப் புத்தகத்தின் முன்னே திகைத்து உட்கார்ந்தவனை, நான்கு ஆண்டு கழித்து, அவன் கற்றுத் தேறிய பிறகும் தண்டிக்கும் நிபந்தனை அது. 2010லேயே கட்டட இயலும் இயந்திர இயலும் தமிழிலே படிக்க அண்ணா பல்கலைக் கழகம் வழி திறந்தது. அவ்விரண்டுக்கு அப்பால் அந்தக் கதவு அகலத் திறக்கவில்லை.

அரசு வேலை வாசலோ இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. தேர்வாணையத்தின் குரூப் 2 போன்ற தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும். எத்தனை முயற்சியிலே தேறினாய் என்பது வேண்டாம். இந்திய ஆட்சிப் பணித் தேர்வுக்கும் அவ்வாறே. மாவட்ட ஆட்சியர் ஆவதற்குத் தடையாக இல்லாத ஒரு பழைய அரியர், கணினி முன்னே உட்காரும் வேலைக்குத் தடையாம்!

மேல்நாட்டிலே எப்படி? இங்கிலாந்திலே பல பல்கலைக் கழகங்களில் மறுதேர்விலே 70 வாங்கினாலும் ஏட்டிலே ஏறுவது தேர்ச்சி மதிப்பெண்ணாகிய 40 மட்டுமே. இலங்கைப் பல்கலைக் கழகங்களிலும் மறுமுறை எழுதுவோருக்கு 'சி' தரத்தோடு உச்சவரம்பு கட்டும் வழக்கம் உண்டு. ஜெர்மனியிலே பொதுவாக இரண்டு மறுவாய்ப்பு. அதிலும் தவறினால் அந்தப் படிப்பையே விட்டு வெளியேற வேண்டியதுதான். அவற்றோடு ஒப்பிட்டால், மறுமுறை வாங்கிய மதிப்பெண்ணை முழுமையாக ஏற்கும் நம் முறை தாராளமானது. அந்தத் தாராளத்தை வேலை வாசலிலே பிடுங்கிக் கொள்கிறார்கள்.

இராமானுசனை மறந்துவிட வேண்டாம். கும்பகோணத்திலே உதவித் தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியிலே சேர்ந்து எஃப்.ஏ. தேர்விலே 1906லும் 1907லும் தவறியவர். கணக்கிலே வல்லவர், மற்றப் பாடங்கள் காலை வாரின. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் தேர்ச்சி என்பது அன்றைய விதி. அதே சென்னைப் பல்கலைக் கழகம் 1913லே, பட்டம் இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி தந்தது. தன் விதியைத் தானே வளைத்தது! கேம்பிரிட்ஜிலிருந்து ஒருவர் சொன்ன பிறகு வளைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லார் மகனுக்கும் கேம்பிரிட்ஜிலிருந்து கடிதம் வருமா?

வராது. ஆகவே விதியே மனிதத் தன்மையோடு இருக்க வேண்டும் என்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பிலே தவறியவனுக்குச் சில வாரங்களிலே துணைத் தேர்வு வைக்கிறார்கள். அதே ஆண்டிலேயே கல்லூரிக்குப் போகிறான். இறுதிப் பருவத்திலே ஒரே தாளிலே தவறியவர்க்கு உடனடித் தேர்வு நடத்தும் வழக்கம் சென்னைப் பல்கலைக் கழகத்திலே உண்டு. எல்லாப் பல்கலைக் கழகத்திலும், எல்லாப் பருவத்துக்கும் அது வரட்டும். அரசின் சலுகை பெறும் தொழிற்சாலைகள், முடித்துவிட்ட அரியரைக் காரணங்காட்டி விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று அரசு நிபந்தனை போடட்டும். மறுமதிப்பீட்டிலே தேறியவனுக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தரட்டும். பிழை அவனுடையது அல்லவே!

அதுவரை நம் கையிலே இருக்கும் வேலையைச் செய்வோம். கிளைப் படிப்பகத்திலே நாளிதழோடு, அந்தந்தப் பல்கலைக் கழகத்தின் ஒழுங்குமுறை ஏட்டையும் அச்செடுத்து வையுங்கள். முதல் பருவக் கணக்குத் தாளைச் சொல்லித் தர, ஊரிலே படித்து முடித்த பிள்ளையை ஞாயிற்றுக் கிழமைகளிலே உட்கார வையுங்கள். ஏப்ரல் – மே, நவம்பர் – டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வு வருகிறது. ஒவ்வொன்றுக்கும் பணம் கட்டும் கடைசி நாளைப் படிப்பகத்துக் கரும்பலகையிலே, கூட்ட அறிவிப்புக்கு மேலே, பெரிய எழுத்திலே எழுதிப் போடுங்கள்.